ரத்தத்தில் ஏறிய எண்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். எல்லாக் கடிதத்திலும் கைப்பழக்கத்தில் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே. திரும்ப ஒரு முறை படி. அம்மா நலம். அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை. ஈரலில் கட்டி இல்லை. ஆபரேஷன் வேண்டாம், உன் ஈரலில் ஒரு கடுகளவுகூட வேண்டாம். முதலில் இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து மீதியைப் படி. உட்கார் என்றால் உட்கார வேண்டும். அடுப்பங்கரையில் நின்றபடியே போனைப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு.

மூன்று நாளாக நீயும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள், பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதாம்பா குளிப்பா?” என்று நீ கேட்டாய் பார், அதோடு என் கையிருப்பில் இருந்த பொய் தீர்ந்துவிட்டது. அம்மா போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். அது அடித்தால் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். எனக்கும் உன்னிடம் பேச நாக்கு எழவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

குழந்தை உண்டாக வேண்டும் என்று நீ போட்டுக்கொண்டிருந்த ஊசிகளை அம்மாவுக்காக நிறுத்திவிட்டாய். அது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்கும் புரியும், எனக்கும் மூச்சு வரும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். அம்மாவின் ரத்தத்தில் பி வகைக் காமாலைக் கிருமி இருப்பது நீ அவள் வயிற்றில் இருந்தபோது தெரியவந்தது. நீ பிறந்த கையோடு ஊசி போட்டார்கள், அது உன்னைத் தொடவில்லை. அம்மாவிடம் தங்கிவிட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் தைராய்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஏனென்றால் ஈரல் என்று வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவன் மூக்கு என் வாய்ப்பக்கம் வருகிறது. நான் ஆயுளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. குடித்துவிட்டு நாலு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா?

இந்தக் கிருமி இருப்பவர்களுக்கு ஈரலில் கட்டி வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்கேனும் ஒரு ரத்தச் சோதனையும். ஏ.எஃப்.பி. என்பார்கள். ஈரலில் புற்றுநோய் வந்தால் அந்த எண் ஏறும். அம்மாவுக்கு எப்போதும் நாலு, ஐந்து என்று நல்ல பிள்ளையாக இருக்கும். இந்த முறை முப்பத்திரண்டு.

ஈரல் டாக்டர் நிதானமான மனிதர். “இந்த எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு புற்றுநோய்னு யாரும் சொல்ல முடியாது. கட்டி இருந்தும் ஏறாதவங்க இருக்காங்க, ஏறியும் கட்டி இல்லாதவங்க இருக்காங்க. மேல்வயித்து ஸ்கேன்ல ஈரல் சுத்தமாத்தான் தெரியுது. மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் யாரையும் பயமுறுத்தாதீங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் பெரிய மனிதனைப் போலத் தலையை ஆட்டினேன். படிக்கட்டு இறங்கி முடிப்பதற்குள் உனக்குப் போன் போட்டுவிட்டேன்.

பதறாதே, முதலில் பிரேக், அப்புறம்தான் ஹாரன் என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அன்று ஹாரனை அழுத்தின கையை நான் எடுக்கவே இல்லை. உனக்குச் சொன்னேன், பெரியம்மாவுக்குச் சொன்னேன், பேச்சுவார்த்தையே இல்லாத உன் மாமாவுக்கும் சொன்னேன். வண்டி ஓட்டப் பழகியபோது “எருமைகூட இதைவிட நல்லா திரும்பும்யா” என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போன மனுஷன். ஓடி வந்து உன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். என்னையும் மன்னித்துவிட்டான். நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த மூன்று வாரமும் அம்மாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. காபி வாசம் பட்டாலே குமட்டுகிறது என்றாள். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். வயிறு லேசாக உப்பிக்கொண்டு வந்தது. ஈரல் கெட்டால் வயிற்றில் நீர் கோக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அவள் அசந்து படுத்திருக்கும்போது அந்த வயிற்றைப் பார்த்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உன் அப்பாவைப் போல ஒரு அடிமுட்டாள் இந்த உலகத்தில் உண்டா, சொல்.

இரண்டாவது தடவை எடுத்தபோது ஐம்பத்தி நாலு. கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பிவ்கா என்று இன்னொரு சோதனையும் சேர்த்து எடுத்திருந்தார். கட்டி இருந்தால் பெரும்பாலும் அதுவும் ஏறுமாம். அது ஏறவே இல்லை. “ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு அசையலையே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அம்மாவிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். ஆண் டாக்டர், பக்கத்தில் நான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு “அது நின்னுடுச்சு” என்றாள். எவ்வளவு நாளாக என்று அவர் கேட்டதற்கு “ரொம்ப நாளா” என்று முணுமுணுத்தாள். நான் வேறு ஏதோ நான்தான் கணக்கு வைத்திருப்பவன் போல “ஆமா டாக்டர், நின்னு போச்சு” என்று பின்பாட்டு பாடினேன். சரி, ஈரலை இன்னும் தெளிவாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கச் சில நாள் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில்தான் நீ பேசினாய். “இன்னிக்கு ஊசி போடலப்பா. நிறுத்திடலாம்னு இருக்கேன். என் ஈரல் அம்மாவுக்குப் பொருந்துமான்னு இங்க டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன். டிக்கெட்டும் போட்டாச்சு” என்றாய். பொறும்மா, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்? “நீதாம்மா என் புள்ள” என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன். எத்தனை மாதமாக உன் உடம்பைக் குத்திக் குத்தி எதற்காகக் காத்திருந்தாய் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னேன்.

இனிமேல்தான் எழுதக் கை வராத இடம்.

வியாழக்கிழமை சி.டி. எடுக்கப் போனோம். ஒட்ட வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடுகிற டிவி, பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி. கூடம் நிறைய ஜனம். அதில் என்னிடம் வண்டி பழகுகிற ஒரு அம்மாளும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். வந்த வாரத்திலேயே கிளட்ச் தட்டைக் கருக வைத்ததால் எங்கள் டிரைவிங் பள்ளியில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்றே பெயர். எனக்கு வணக்கம் வைத்தாள்.

நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு, நகை ஏதும் போட்டிருக்கிறாளா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியாக, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்றாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “என்னம்மா கேள்வி இது? கல்யாணமான பொண்ணு இருக்கு எங்களுக்கு! பேரன் பேத்தி எடுக்குற வயசு. அந்தக் கடையெல்லாம் எப்பவோ மூடியாச்சு. நீ போய் சீக்கிரமா படத்தை எடு தாயி” என்றேன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின குரல். கூடமே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தாள். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். “ஐயா, இன்னிக்கு சி.டி. எடுக்க முடியாது. நீங்க கொஞ்சம் உள்ள வாங்க” என்றாள். படம் எடுத்தும் பயனில்லாத அளவுக்கு முற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வேறொரு அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மறுபடியும் சாதாரண ஸ்கேன். முன்பு ஈரலைப் பார்க்கிறவர்கள் மேல்வயிற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த டாக்டரம்மா கருவியைக் கீழே நகர்த்தினாள். நகர்த்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்று படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அது அம்மாவின் இதயம் என்று நினைத்து, “இதயம் இவ்வளவு கீழேயா இருக்கு?” என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எழுதிவிட்டேன். உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வரப்போகிறது. நாற்பத்தைந்து வயதில் உன் அம்மா நாலு மாதம் தாண்டிய கர்ப்பிணி.

பிறகு ஈரல் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இந்த ஏ.எஃப்.பி. என்கிற புரதத்தை நிறையச் சுரப்பது கருவில் இருக்கிற குழந்தையின் ஈரல்தானாம். அது தாயின் ரத்தத்திலும் கலக்குமாம். பிறந்த பிறகு மெல்ல மெல்ல அடங்கிவிடுமாம். பெரியவர்கள் ஈரலில் கட்டி வந்தால் அது மறுபடி தலை தூக்கும் என்பதால்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆகவே நாங்கள் பயந்து செத்த அந்த எண்ணை ஏற்றியது அம்மாவின் ஈரலே இல்லை. “நானும் ஒரு கேள்வியோட விட்டிருக்கக் கூடாது. வயசைப் பார்த்து, சொன்ன பதிலை நம்பிட்டேன்” என்று அவரும் வருத்தப்பட்டார். கிருமி குழந்தைக்குப் போகாமல் இருக்க அம்மாவுக்கு மாத்திரை தருவார்கள். பிறந்தவுடன் உனக்குப் போட்டதைப் போல ஊசி. பிரசவத்துக்குப் பிறகு அந்த எண் இறங்குகிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். அதுவரை ஸ்கேன் மட்டும். ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

திரும்பி வரும்போது அதே கூடத்தின் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. கிளட்ச் அக்கா எழுந்து ஓடிவந்து, “என்ன சார் ஆச்சு? பயப்படுற மாதிரியா?” என்று கேட்டாள். “வாயுத் தொல்லை” என்றேன். பின்னாலேயே வந்த நீல உடுப்புப் பெண், “ஐயா, கர்ப்பிணிகள் பிரிவு ரெண்டாவது மாடி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் கேட்பானேன்? மறுநாள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் காரில் ஏறும்போதே, “பின்சீட்ல பேபி சீட் மாட்டிடலாமா சார்?” என்கிறான். அவனை நான் கத்தின கத்தலில் வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டான்.

அவர்கள் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உன் மாமாவுக்குச் சொன்னேன். “வயசுக்குத் தகுந்த மாதிரியா நடந்துக்குறீங்க? நான் லீவு போட்டுட்டு வந்து அழுதேனேய்யா!” என்று குதித்தான். மறுபடியும் பேச்சுவார்த்தை இல்லை. பெரியம்மா ஒரு படி மேலே போய், “பொறந்ததும் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கும் மானம் மிஞ்சும், அவளுக்கும் மடி நிறையும்” என்றாள். எனக்கு வந்ததே கோபம். என் மகள் மடி என்ன, ஆகாததைக் கொண்டு போய்ப் போடுகிற மூலையா என்று கேட்டுவிட்டேன். உன் பிள்ளை உனக்குப் பிறக்கும். இது எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்வோம். இப்படி ஒரு பேச்சு யார் மூலமாகவாவது உன் காதுக்கு வந்தால், அது எங்கள் வாயிலிருந்து வரவில்லை என்று தெரிந்துகொள்.

இரண்டு தடவை கரு தங்காமல் போய் நீ எங்களைக் கூப்பிட்டு அழுதாய். இரண்டு தடவையும், அடுத்தது தங்கும்மா என்று சொல்வதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ வேண்டி வேண்டிக் காத்திருப்பது, கேட்காமலே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்வது? அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. அந்தத் திரையைப் பார்த்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அம்மா சாக மாட்டாள் என்பதற்காகச் சந்தோஷப்பட்டேனா, அந்தத் துடிப்பைப் பார்த்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உடனே உன் முகம் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா முன்னாலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன், சத்தியமாக. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு, பணம் போனால் போகிறது. நாளைக்கே உன் ஆஸ்பத்திரிக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியுமா என்று கேள். அடுத்த மாதம்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களாம் என்று மாப்பிள்ளை சொன்னார். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பார். உனக்கு ஒரு குறையும் வராது. உன் மனசுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அவர் முகத்தில் விழிக்கவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அவசரக்குடுக்கை அப்பா

*

அம்மா எழுதுவது.

உன் அப்பா இதை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் படம் பிடிக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது அவர் தலைமேல்தான் இருக்கிறது. நான் சொல்லவில்லை. அவர் கண்டுபிடிப்பதற்குள் மீதி இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அவர் எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதி அவரிடமும் சொல்லவில்லை. பழி முழுக்கத் தன் தலையில் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

சி.டி. அறையில் அந்தப் பெண் ஊசி குத்துவதற்காக என் கையைப் பஞ்சால் துடைத்தாள். அப்போது நான்தான் அவள் கையைப் பிடித்தேன். “வெளிய அவர் சொன்னது சரியில்லம்மா. எனக்குச் சந்தேகமா இருக்கு. முதல்ல அதைப் பாத்துடுங்க” என்றேன். அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னதால்தான் தெரிந்தது.

சந்தேகம்கூட இல்லை, எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்னால், துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே லேசாக ஒன்று புரண்டது. வாயு என்று சொல்லிக்கொண்டு மடிப்பைத் தொடர்ந்தேன். மறுபடியும் புரண்டது. உன்னைச் சுமந்தவள் நான். வாயு எது, பிள்ளை எது என்று தெரியாதா எனக்கு? அதற்கு முன்னால் டாக்டரிடம் நின்றுவிட்டது என்று சொன்னதும் பாதி உண்மைதான். நின்று மூன்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வயசாகிவிட்டது, இனி வராது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் முகத்தைப் பார்க்கும்போது அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

அது புரண்டதற்கு மறுநாள் நீ போன் செய்தாய். உன் அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ஊசி இன்னிக்குப் போடல, நிறுத்திடலாம்னு இருக்கேன் என்று நீ சொன்னதை நான் அறைக்குள்ளிருந்து கேட்டேன். எழுந்து வந்து, நிறுத்தாதேடி, எனக்கு ஒரு நோயும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ அன்றைக்கே ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பாய். இந்த மாதம் உனக்கு வீணாகியிருக்காது. கதவு வரைக்கும் வந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். நீ உன் ஈரலை அறுத்துத் தருகிறேன் என்கிறாய், உன்னைப் பெற்றவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நோயாளி என்றதும் எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். பேசாத தம்பி வந்து காலைப் பிடித்தான். உன் அப்பா சத்தம் போடாமல் நடந்தார், இந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உனக்குத் தெரியும். இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ என்ன செய்வாய்? சிரிக்கவும் மாட்டாய், திட்டவும் மாட்டாய். “சந்தோஷம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாய். அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் எனக்குக் குழந்தை என்று சொல்வதைவிட, எனக்குப் புற்றுநோய் என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. இப்படி ஒரு அம்மா எங்கேயாவது உண்டா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் எதையும் ஒளிக்க முடியாது. இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல முயன்றேன். வைத்துக்கொள்கிறாயா என்று டாக்டரம்மா கேட்டபோது வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. இதற்காக நீ என்னை வெறுத்தால் அதுவும் சரிதான். வைத்துக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டு அந்தப் பாரத்தையும் உன் தலையில் ஏற்ற மாட்டேன். அந்த அளவுக்காவது நான் அம்மாவாக இருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஊசி குத்தின இடத்தில் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளை ஒத்தடம் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று பிகு செய்யாதே.

உன் அப்பா டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்கிறார். அவர் சொன்னதைக் கேட்காதே. அடுத்த மாதம்தான் ஊசி தொடங்குவார்கள் என்றால் அதற்குள் நீ வந்து திரும்பிவிடலாம். போனில் என்னால் முடியவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, மனசில் இருப்பதை அடக்காமல் திட்டு. அழ வேண்டும் என்றால் குளியலறையில் போய் அழாதே, என் முன்னால் அழு. சாகப் போகிற அம்மாவைப் பார்க்கத்தானே அந்த டிக்கெட்டைப் போட்டாய். முகத்தைக் காட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவையும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போடி.

அம்மா